அணுக் கழிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி: புளியங்கொட்டை, பாகு, பென்டோனைட்

பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் பாடம். கரும்பலகையில் யுரேனியம் பிளப்பதைப் படமாக வரைந்து, தொடர்வினையை விளக்கி முடித்திருந்தேன். கொடுங்கையூரிலிருந்து வரும் பையன் ஒருவன் கை தூக்கினான். "மிஸ், அதுல மிச்சமாவுற குப்பைய எங்க கொட்டுவாங்க?"

குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வீடு. அவனுக்கு அந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமே இல்லை. "பத்திரமா வச்சிருப்பாங்கப்பா" என்றேன். விடவில்லை அவன். "எதுல மிஸ்?"

என்னிடம் பதில் இல்லை. வடசென்னையில் 27 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த "எதுல"வுக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பொருளில் வைக்கலாம், அந்தப் பொருள் எத்தனை காலம் தாங்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும், சூட்டில் என்ன ஆகும் என்பதுதான் அணுக் கழிவுச் சிக்கலின் பெரும்பகுதி. இது பொருள் அறிவியல். சமையலறைச் சாமான்களை வைத்தே இதன் முக்கால் பங்கைக் காட்டிவிடலாம். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஒரு அரைநாள் வகுப்பாக நடத்திவருகிறேன். நீங்களும் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எழுதுகிறேன். ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்தும் செய்யலாம்.

முதலில் ஒரு கண்டிப்பு. இந்த வகுப்பில் கதிரியக்கமுள்ள எதுவும் வேண்டாம். ஒரு தடவை ஒரு மாணவி, தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வாங்கிவைத்த பழைய மேண்டில் (சுடர் எரியும் வலைத் துணி) ஒன்றை ஆர்வமாகக் கொண்டுவந்தாள். பழைய மேண்டில்களில் தோரியம் இருக்கும். அது உடைந்து தூளானால் மூச்சில் போகும். கவரோடு வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஏன் பிரிக்கக் கூடாது என்று பத்து நிமிடம் பேசினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை: சர்க்கரை ஒரு கிலோ, எலுமிச்சை ஒன்று, கேசரிப் பவுடர் ஒரு பொட்டலம், கடலை மிட்டாய் ஐந்தாறு, தையல் நூற்கண்டு மூன்று, பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) இரண்டு கிலோ, ஆற்று மணலோ எம்-சாண்டோ கொஞ்சம், செம்புக் கம்பி அரை மீட்டர், முட்டை இரண்டு, காலி தண்ணீர் பாட்டில்கள். வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர்கள், ஒரு அடிகனமான பாத்திரம், புளியங்கொட்டை 128.

புளியங்கொட்டையை முந்தின வாரமே பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்துவிடுங்கள். தாயம் ஆடுவதற்கு உரசுவது போல, ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் உரசி வெள்ளையாக்கிக் கொண்டுவர வேண்டும். உரசிய சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து விளையாடுவார்கள், பரவாயில்லை.

ஒவ்வொரு கொட்டையும் ஒரு கதிரியக்க அணு; வெள்ளை மேலே விழுந்தால் அது சிதைந்துவிட்டது என்று கணக்கு. வகுப்பு தொடங்கியதும் 128 கொட்டைகளையும் முறத்தில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டச் சொல்லுங்கள். வெள்ளை மேலே தெரிவதையெல்லாம் பொறுக்கி ஒரு டம்ளரில் போட வேண்டும். மீதியை எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். மறுபடி குலுக்கல், பொறுக்கல், எண்ணல். 128 சுமாராக 64 ஆகும், பிறகு 32, 16. ஏழு தடவைக்குள் கையில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். சில சமயம் ஒரே ஒரு கொட்டை பிடிவாதமாக நாலு சுற்று கூடுதலாக நிற்கும். எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மொத்தத்தில் பாதி விழும் என்று மட்டும் சொல்லலாம். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்தான் அரை ஆயுட்காலம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கையால் உரசிய கொட்டை சரிபாதியாக விழாது. எங்கள் வகுப்பில் பல தடவை நூற்றுக்கு நாற்பதுதான் வெள்ளையாக விழுந்தது. அதை மறைக்காமல், "சரி, நம்ம கொட்டைக்கு அரை ஆயுள் ஒரு சுற்றை விடக் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது இன்னும் நன்றாகப் புரிகிறது. இன்னொன்று, டம்ளரில் போட்ட கொட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள். சிதைந்த அணு காணாமல் போவதில்லை, வேறு தனிமமாக மாறுகிறது. சீசியம்-137 கடைசியில் பேரியமாக நிற்கும். டம்ளர் மேசையிலேயே இருக்கட்டும்.

இப்போது எண்களைக் கொடுங்கள். தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131-க்கு ஒரு சுற்று 8 நாள். சீசியம்-137-க்கு 30 ஆண்டு. ஸ்ட்ரான்ஷியம்-90-க்கும் ஏறத்தாழ அவ்வளவே. புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு. பத்துச் சுற்று முடிந்தால் ஆரம்பத்தில் இருந்ததில் 1,024-இல் ஒரு பங்கு மீதி. மருத்துவமனையில் அயோடின் பட்ட பஞ்சையும் துணியையும் மூன்று மாதம் பூட்டிவைத்தாலே பெரும்பகுதி அடங்கிவிடுவது இந்தக் கணக்கில்தான். சீசியத்துக்கு 300 ஆண்டு. புளூட்டோனியத்துக்கு 2,41,000 ஆண்டு.

இந்த எண்ணைச் சொன்னதும் பிள்ளைகள் "ஓ" என்பார்கள். ஆனால் முகத்தில் ஒன்றும் இருக்காது. லட்சம் என்பது வாயில் வரும் சொல்தான், மனசில் ஏறாது. அதற்குத்தான் நூற்கண்டு.

ஒரு சென்டிமீட்டர் நூறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலின் நுனியை வாசல் கதவில் கட்டுங்கள். அதுதான் இன்று. அங்கிருந்து கழிவுக்கு முன்னோக்கியும் வரலாற்றுக்குப் பின்னோக்கியும் அதே நூலில்தான் எண்ணப்போகிறோம். மூன்றாவது சென்டிமீட்டரில் சீசியத்தின் பத்துச் சுற்று முடிகிறது. கிட்டத்தட்ட நாலாவது சென்டிமீட்டரில் ஜார்ஜ் கோட்டை கட்ட ஆரம்பிக்கிறார்கள். பத்தில் தஞ்சைப் பெரிய கோவில். 26-இல் கீழடி. ஒவ்வொன்றிலும் வண்ண நூலால் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எல்லாம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். அப்புறம் நூலைப் பிடித்துக்கொண்டு நடங்கள். 2 மீட்டர் 41 சென்டிமீட்டரில் புளூட்டோனியத்தின் முதல் சுற்று. 24 மீட்டரில் பத்தாவது சுற்று. எங்கள் நூலகத்தில் அது வராண்டாவைத் தாண்டி வேப்பமரத்தடியில் முடிகிறது.

நூலை இன்னும் விடுங்கள். 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. சென்னைக்கு வடமேற்கே, கொற்றலை ஆற்றுப்படுகையில் அத்திரம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் நூலில் 150 மீட்டர். எங்கள் பிள்ளைகள் நூலோடு தெருவுக்குப் போய், டீக்கடையைத் தாண்டி, மருந்துக் கடை வாசலில் நின்றார்கள். நெப்டியூனியம்-237 என்று ஒன்று இருக்கிறது, அதன் முதல் சுற்றே 21 லட்சம் ஆண்டு, அதற்கு இன்னும் 60 மீட்டர் நடக்க வேண்டும் என்று சொன்னேன். திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள் ஒரு சின்னப் பெண். "மிஸ், கீழடியே கதவுகிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள்.

இதை அவசரப்படுத்தாதீர்கள். நூல் சிக்கும், சைக்கிள்காரர் திட்டுவார், இருந்தாலும் இந்த நடைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் எவ்வளவு குப்பை, எந்த மாதிரிக் குப்பை என்று சொல்லுங்கள். இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கல்பாக்கம் இங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் 1984-இலும் 1986-இலும் மின் உற்பத்திக்கு வந்தவை. அவற்றில் எரிபொருள் ஒரு கட்டாக இருக்கும்: 19 குழாய்களைச் சேர்த்துக் கட்டியது, அரை மீட்டர் நீளம், பதினாறு கிலோ சொச்சம். பயன்படுத்தி வெளியே எடுத்த கட்டில் பெரும்பகுதி யுரேனியமாகவே இருக்கும். பிளவுபட்ட பொருட்கள் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எடுத்த புதிதில் சூடும் கதிர்வீச்சும் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கிலிருந்துதான். நம் நாட்டில் அந்தக் கட்டை அப்படியே புதைப்பதில்லை. அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். கல்பாக்கத்திலேயே அதற்கான மறுசெயலாக்க ஆலை இருக்கிறது. எடுத்தது போக நிற்கும் அமிலக் கரைசல்தான் உயர்நிலைக் கழிவு. பையன் கேட்ட "எதுல" முக்கியமாக இதற்குத்தான். கையுறை, துடைத்த துணி, வடிகட்டி மாதிரியானவை தாழ்நிலை, இடைநிலைக் கழிவு. அளவில் அதுதான் அதிகம், ஆனால் வீரியம் குறைவு. அவற்றைச் சுருக்கியோ எரித்துச் சாம்பலாக்கியோ சிமெண்டில் கலந்து, மண்ணுக்குக் கொஞ்சம் கீழே கான்கிரீட் தொட்டிகளில் வைக்கிறார்கள்.

உயர்நிலைக் கழிவையோ கண்ணாடியோடு சேர்த்து உருக்கி உறையவைக்கிறார்கள். சிமெண்டுக்கும் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்? இதற்குத்தான் அடுப்பு.

பாகு காய்ச்சுவது பெரியவர் வேலை. பிள்ளைகளை இரண்டு கை தூரத்தில் நிறுத்துங்கள். கொதிக்கும் பாகு 150 டிகிரிக்கு மேல் இருக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். என் இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் வையுங்கள்.

இரண்டு டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு. கரைந்து கொதி வந்ததும் கிளறுவதை நிறுத்திவிடுங்கள். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்து, கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை, தண்ணீரில் கரைக்காமல் அப்படியே போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, நெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். இருபது நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு தகடு நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் முகம் தெரியும்.

இதில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் படிகம் இல்லை. கண்ணாடியும் அப்படித்தான். வரிசையாக அடுக்கப்படாமல் குழம்பின நிலையிலேயே உறைந்தது. வரிசை இல்லாததால்தான் அதற்குள் விதவிதமான அளவுள்ள அணுக்களுக்கும் இடம் கிடைக்கிறது. உயர்நிலைக் கழிவில் முப்பது நாற்பது தனிமங்கள் கலந்து கிடக்கும். ஒரு குறிப்பிட்ட படிகம் அத்தனையையும் ஏற்காது. போரோசிலிக்கேட் கண்ணாடி ஏற்கும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பீக்கருக்கு இது ஒன்றுவிட்ட உறவு. ஆனால் கழிவுக்கான கண்ணாடியில் சோடியத்தைக் கூட்டி, ஆயிரம் டிகிரி அளவிலேயே உருகும்படி வைக்கிறார்கள். அதற்கு மேல் சூடாக்கினால் சீசியம் ஆவியாகி உலையை விட்டுக் கிளம்பிவிடும். பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நான் நிறுத்திச் சொல்வேன். வலுவான கண்ணாடி வேண்டுமென்றால் அதிகச் சூடு வேண்டும். அதிகச் சூடு வைத்தால் அடைக்க நினைத்ததே ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் பிடிக்க வேண்டும்.

அடுத்த ஈடு பாகை எலுமிச்சை இல்லாமல் வையுங்கள். ஆறும்போது கரண்டியால் நன்றாகக் கிளறுங்கள். பூத்துப்போய் வெள்ளையாக, மொறமொறவென்று ஆகிவிடும். அதே சர்க்கரைதான், இப்போது படிகமாகிவிட்டது. கழிவுக் கண்ணாடியிலும் இந்த ஆபத்து உண்டு. ஆற்றும் விதம் தப்பினால் உள்ளுக்குள் படிகங்கள் முளைத்து, சுற்றியுள்ள கண்ணாடி பலவீனமாகும்.

இன்னொரு சிக்கலை நெய்யால் காட்டலாம். பாகில் நெய் கூடினால் கலக்காமல் மேலே மிதக்கும். கழிவில் சல்பேட் அதிகமிருந்தால் உருகிய கண்ணாடியிலும் இதே மாதிரி மஞ்சளாக ஒரு ஏடு தனியே பிரிந்து நிற்கும். அது தண்ணீரில் கரையக்கூடியது. போதாததற்கு சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மும்பையில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்திருந்த பழைய கழிவில் இந்தச் சல்பேட் தொல்லை இருந்தது. பேரியம் சேர்த்த போரோசிலிக்கேட் கண்ணாடியைத் தயாரித்துத்தான் நம் விஞ்ஞானிகள் அதைச் சமாளித்தார்கள். செய்முறைக் குறிப்பையே மாற்றி எழுதிய வேலை அது. எனக்கு இதைச் சொல்லும்போது எப்போதும் பெருமையாக இருக்கும்.

இப்போது நாலு டம்ளர் தண்ணீர். முதலாவதில் வெறும் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. இரண்டாவதில் ஆரஞ்சுத் தகட்டிலிருந்து உடைத்த ஒரு துண்டு. மூன்றாவதில் அதே எடையுள்ள துண்டை அம்மியில் பொடித்துப் போடுங்கள். நாலாவதில் கடலை மிட்டாய். ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, பிள்ளைகளை டம்ளருக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, கண் மட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் டம்ளர் நொடியில் ஆரஞ்சாகிவிடும். கழிவை அப்படியே விட்டால் நடப்பது அது. பொடி போட்டதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் பிடித்துவிடும். முழுத் துண்டிலிருந்து ஒரு மெல்லிய ஆரஞ்சு நூல் மாதிரி இறங்கி, அடியில் படியும். மேலே தண்ணீர் வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். நிறம் வெளியே வர வேண்டுமென்றால் சர்க்கரை கரைந்தாக வேண்டும், அதற்கு முன்னால் வர வழியில்லை. ஏனென்றால் நிறம் சர்க்கரைக்குள் கரைந்திருக்கிறது. கடலை மிட்டாய் கதை வேறு. பாகு கரையக் கரையக் கடலை முழுசு முழுசாகக் கழன்று விழும். பிடித்துவைத்திருந்தது, அவ்வளவுதான். சிமெண்ட் பெரும்பாலும் இந்த மாதிரிதான் கழிவைப் பிடிக்கிறது. அதனால்தான் தாழ்நிலைக் கழிவுக்குச் சிமெண்ட் போதும், உயர்நிலைக்குப் போதாது. சீசியம் சிமெண்டிலிருந்து சுலபமாக நழுவும் என்பதால் அதைப் பிடித்துவைக்க வெர்மிகுலைட் மாதிரிக் கனிமங்களைச் சேர்ப்பதும் உண்டு.

பொடிக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்: பரப்பு. எஃகு உருளையில் ஊற்றிய கண்ணாடி ஆறும்போது விரிசல் விடும். விரிசல் கூடினால் பரப்பு கூடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் கண்ணாடியின் ஆயுளைச் சொல்வதில்லை.

சர்க்கரை நிமிடங்களில் கரைகிறது, உண்மையான கண்ணாடி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் "அணுக் குப்பை தண்ணியில கரைஞ்சிடுமாம்" என்று சொல்வார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மண்ணிலிருந்து எடுத்த கண்ணாடி மணிகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. இன்னும் நிறத்தோடு இருக்கின்றன. நூலில் அது 20 சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இந்தக் கண்ணாடி உருளைகளை நம் நாட்டில் இப்போது காற்றோட்டமான பெட்டகங்களில் வைத்து ஆற்றுகிறார்கள். சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் சிதையும்போது சூடு கிளப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் பல பத்தாண்டுகள் அப்படி வைத்தாக வேண்டும். ஆழத்தில் நிரந்தரமாக வைக்கும் நிலவறை இந்தியாவில் இன்னும் கட்டப்படவில்லை. 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பாறையைச் சூடேற்றி, அது எப்படித் தாங்குகிறது என்று சோதித்தார்கள். என் தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே பாறையே அனலாய்க் கொதிக்கும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆழ நிலவறையில் முன்னால் இருப்பது பின்லாந்து. ஒன்காலோ என்று பெயர். 400 மீட்டருக்குக் கீழே, கிட்டத்தட்ட 190 கோடி ஆண்டு பழைய பாறையில். பயன்படுத்திய எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டத்தில் வைத்து, அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் கனத்தில் செம்பு உறை போட்டு, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணை அடைக்கும் திட்டம். பென்டோனைட் என்றதும் பிள்ளைகளுக்குப் புரியாது, அவர்கள் அப்பாக்களுக்குப் புரியும். அடுக்குமாடிக்குப் பைல் போடும் இடத்திலும் மெட்ரோ வேலையிலும் குழி சரியாமல் இருக்க ஊற்றும் சாம்பல் நிறச் சேறு அதுதான். எர்த்திங் குழிக்குப் போட எலக்ட்ரிகல் கடையில் மூட்டையாக விற்பார்கள். இரண்டு கிலோ கேட்டால் சில கடைகளில் பிரித்துக் கொடுப்பார்கள்.

மூன்று தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். வாயில் பஞ்சு. ஒன்றில் மணல், இரண்டில் பென்டோனைட், நாலு விரற்கடை உயரத்துக்கு அழுத்தி நிரப்புங்கள். பென்டோனைட் தூள் பறக்கும், அதனால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மணலிலும் ஒரு பென்டோனைட்டிலும் நிறம் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மற்ற பென்டோனைட்டில் ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி உப்பு போட்ட தண்ணீர். மணலில் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். நல்ல தண்ணீர் பட்ட பென்டோனைட் உப்பி, பசையாகி, தானே வழியை அடைத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து பார்த்தாலும் பாட்டில் வாயில் சொட்டு இருக்காது. உப்புத் தண்ணீர் பட்டது அவ்வளவு உப்பாது, அடைப்பும் லேசாகவே இருக்கும். பூமிக்கடியில் உள்ள நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை ஏன் பல ஆண்டுகள் அளக்கிறார்கள் என்று அப்போது கேளுங்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

செம்புக்கு எதிரி கந்தகம். காலையிலேயே இரண்டு முட்டைகளை அரை மணி நேரம் வேகவைத்து, சூடாக நறுக்கி, இறுக்கமான டிபன் டப்பாவில் போட்டு, எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பியை முட்டை மேல் படாமல் வைத்து மூடிவிடுங்கள். மாலைக்குள் கம்பி மங்கிக் கறுத்திருக்கும். ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்திலும் சல்பைடு இருந்தால் செம்பு அரிக்கப்படும். சுவீடனில் 2018-இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் இந்தச் செம்பு உறை பற்றிக் கேள்வி எழுப்பியது. கூடுதல் ஆதாரங்களைப் பரிசீலித்து 2022-இல்தான் அரசு அனுமதி கொடுத்தது. ஒரு உலோகத்தின் மேல் நான்கு ஆண்டு விவாதம். அது நல்ல விஷயம் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

முடிந்தால் இன்னொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளைத் துரு எப்படித் தின்றிருக்கிறது என்று முதலில் காட்டுங்கள். பிறகு வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். அங்கிருக்கும் சோழர் காலச் சிலைகளில் பல, மண்ணுக்குள் நூற்றாண்டுகள் புதைந்து கிடந்து கிடைத்தவை. விரல் நகம்வரை அப்படியே இருக்கும். செம்பே பெரும்பகுதியாக உள்ள உலோகக் கலவை ஈர மண்ணில் எப்படித் தாங்குகிறது என்பதற்குச் சென்னையில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பொருள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு கதை சொல்வேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சுமார் 650 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறைக்குள் ஒரு கழிவு நிலவறை இருக்கிறது. பீப்பாய்களில் ஈரத்தை உறிஞ்ச, பூனை மலம் கழிக்கப் பயன்படும் களிமண் துகளைச் சேர்ப்பது வழக்கம். ஒரு கட்டத்தில் களிமண்ணுக்குப் பதில் கோதுமையால் செய்த துகள் சேர்ந்துவிட்டது. கழிவில் இருந்த நைட்ரேட் உப்போடு அது வினைபுரிந்து சூடேறி, 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் வெடித்துத் திறந்தது. நிலவறையை மறுபடி திறக்க ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆனது. எல்லோரும் ஆழத்தையும் பாறையையும் நினைத்துக்கொண்டிருக்க, கோளாறு ஒரு மூட்டைத் துகளில் இருந்தது.

எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ மாமாவோ காயலான் கடை வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பகுதியை நான் ஒருபோதும் விடுவதில்லை. 2010-இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஏலத்தில் விற்ற பழைய கருவி வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். கதிரியக்க எச்சரிக்கைக் குறியை, அதாவது நடுவில் ஒரு புள்ளியும் சுற்றி மூன்று இறக்கையும் உள்ள படத்தை, ஒவ்வொரு பிள்ளையும் அட்டையில் வரைந்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அளவுக்குப் பொருந்தாத கனத்தில் ஈயப் பெட்டியோ உருளையோ வந்தாலும், இந்தக் குறி இருந்தாலும் உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, தள்ளி நின்று மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி 112-க்குச் சொல்ல வேண்டும். அந்த அட்டையைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் இரண்டு கடைகளை நானே போய்ப் பார்த்தேன்.

கடைசியாக, சுத்தம் செய்வது. பென்டோனைட்டைத் தயவுசெய்து தொட்டியில் கழுவி ஊற்றாதீர்கள். குழாயை அடைத்துவிடும். நூலகத்தில் முதல் வருஷம் அப்படி ஆகி பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பழைய செய்தித்தாளில் பரப்பி மாடியில் இரண்டு நாள் காயவிட்டால் ஓடு மாதிரி கழன்று வரும். உப்பு பட்டதைத் தனியே எடுத்துவிட்டு, மற்றதைச் செடித் தொட்டி மண்ணில் கொஞ்சமாகக் கலக்கலாம், ஈரம் பிடிக்கும். பாகுத் தண்ணீரை ஊற்றிய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எறும்பு வரும். கறுத்த செம்புக் கம்பியை ஒரு பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், அடுத்த வகுப்புக்கு உதவும். புளியங்கொட்டைகளைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். எங்கள் பையில் இப்போது 119 தான் இருக்கின்றன. ஒன்பதைப் பிள்ளைகள் தாயம் ஆட எடுத்துப் போய்விட்டார்கள்.